விதை மிச்சம்

1957-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பண்ணைக்காட்டிலிருந்து நான்கு மைல் உள்ளே இருக்கும் மூங்கில்பள்ளத்தில், திருமலைச்சாமி என்ற ஐம்பத்தெட்டு வயது விவசாயி காலை ஏழு மணிக்கு அரை டம்ளர் இஞ்சிச் சாறு குடித்தார். ஒன்பது மணிக்கு அவருக்கு இரத்தமாகப் பேதியானது.

அது ஒன்பதாம் நாள் சாறு. மூங்கில்பள்ளத்தில் இஞ்சி நடவு முடிந்ததும் விதைக் கூடை வெறுங்கூடையாக வீடு திரும்பக் கூடாது. அடியில் ஒரு படி அளவாவது மிஞ்ச வேண்டும். வீட்டுக்கு மூத்தவள் வாசலில் நின்று அதை முந்தானையில் வாங்கி, அடுப்படி மூலையில் உள்ள மணல் பானைக்குள் புதைத்து வைப்பாள். விதை மிச்சம் என்று அதற்குப் பெயர். குழம்புக்கோ துவையலுக்கோ அதிலிருந்து ஒரு துண்டுகூட எடுப்பதில்லை. நடவு நாட்களில் ஈரத்தில் குனிந்து கிடந்த குடும்பத் தலைவனுக்கு ஒன்பது காலை வெறும் வயிற்றில் சாறு பிழிந்து கொடுப்பதற்கென்று வைத்தது அது. நெஞ்சுச் சளி அறுக்கும், வாயு கலைக்கும் என்பார்கள்.

பிழிவது மருமகளின் வேலை. பொன்னுத்தாய் மூன்று வருஷமாகப் பிழிந்து கொடுக்கிறாள். வத்தலக்குண்டுப் பக்கத்துப் பெண். மலைக்கு வாழ்க்கைப்பட்டு வரும்வரை இஞ்சிச் செடியைப் பார்த்ததில்லை. அவள் எது செய்தாலும் "கீழ்நாட்டுக்காரிக்கு என்ன தெரியும்" என்று தொடங்குவது மாமியார் காளியாயிக்குப் பழக்கம்.

நான்காம் நாளே திருமலைச்சாமி சாற்றைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னத்தா, தகர வாடை அடிக்கு?"

"கல்சட்டியிலதான் தெளிய வெச்சேன் மாமா. தகரம் எதுவும் படலையே."

"நாக்குலதான் கோளாறு போல" என்று அவரே சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பாத்திகளுக்குத் தழை மூடும் வேலை பாக்கி இருந்தது. ஆறாம் நாள் ஈறு வீங்கியது. எட்டாம் நாள் கேப்பைக் களியை விழுங்க முடியாமல் மோரில் கரைத்துக் குடித்தார். பல்லில் கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒன்பதாம் நாள் படுத்தார்.

புதன்கிழமை சிறுநீர் குறைந்தது. வியாழக்கிழமை பண்ணைக்காட்டுக் கம்பவுண்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

"இஞ்சிச் சாறுங்க" என்றாள் காளியாயி. "தோலோட நசுக்கிப் பிழிஞ்சு குடுத்திருக்கா. தெளிஞ்சா அடியில நிக்கிற சுண்ணாம்பையும் சேத்துக் கலக்கி. இஞ்சிக்குத் தோல்தான் நஞ்சுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். இவளுக்குத் தெரியல."

கம்பவுண்டர் பொன்னுத்தாயிடம் எதுவும் கேட்கவில்லை. "கல்லீரல் சூடு" என்று சொல்லி, வெள்ளைப் பொடி ஆறு பொட்டலம் கொடுத்து, இளநீர் கொடுங்கள் என்றார். அவரைக் கொண்டுவிட கந்தவேல் கூடப் போனான். கந்தவேல் அந்த வீட்டின் ஒரே மகன், பொன்னுத்தாயின் புருஷன், இருபத்தெட்டு வயது. நான்கு மைல் சேர்ந்து நடந்தும் கம்பவுண்டரிடம் அவன் மழையைப் பற்றித்தான் பேசினான்.

காரணம் தெரிந்துவிட்டதால் வேறு வைத்தியம் தேடுவார் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுவதும் அதையே சொன்னது. பொன்னுத்தாய் தண்ணீர் எடுக்கப் போனால் ஓடையில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு விசாலாட்சி மட்டும் குடத்தைச் சாய்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஏத்தா, நெசமாவே தோலோடவா பிழிஞ்ச?"

"உங்களுக்கும் அதே கேள்விதானா அத்தை?"

"கேக்குறேன்ல. எம் புருசனுக்கு நான் பதினேழு வருசம் தோலோட பிழிஞ்சு குடுத்தேன். சீவச் சோம்பல். அந்த மனுசன் குடிச்சுப்புட்டு ஏப்பம் விட்டுட்டு என்னைய அடிக்க வருவாரு. தோலு கொல்லும்னா எனக்கு அப்பவே விடிஞ்சிருக்கும்."

பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை காலை, வத்தலக்குண்டிலிருந்து அவள் அண்ணன் நல்லசாமி வந்து சேர்ந்தான். காளியாயி சொல்லி அனுப்பியிருந்தாள்: உன் தங்கச்சியை வந்து கூட்டிட்டுப் போ. பண்ணைக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்ததில் முழங்கால்வரை சேறு. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சாரல் விட்டிருந்தது, மூட்டம் விடவில்லை. எதிர்ச் சரிவின் காப்பிச் செடிகள் தெரியவில்லை. திருமலைச்சாமியின் தம்பி குழந்தைவேல் ஏற்கெனவே வந்து முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். விசாலாட்சியை யாரும் கூப்பிடவில்லை. அவள் வந்து சுவரோரம் நின்றாள்.

உள்ளே கட்டிலில் திருமலைச்சாமி முனகுவது வாசல்வரை கேட்டது.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்று குழந்தைவேல் நல்லசாமியிடம் சொன்னார். "சங்கதி கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க அண்ணன் கெடக்குற கெடையைப் பாத்தா மனசு ஆறல. அந்தப் புள்ள வேணும்னு செஞ்சுச்சுன்னு நான் சொல்லல. பொம்பளை கைப்பிழை. ஆனாலும் இனிமே இந்த வீட்ல அந்தப் புள்ள கையால யாரு கஞ்சி வாங்கிக் குடிப்பா, சொல்லுங்க."

"வேணும்னுதான் செஞ்சா" என்றாள் காளியாயி. "தை மாசத்துல தாலிக்கொடியை அடகு வைக்கக் கேட்டாருன்னு மனசுல வெச்சிருந்தா. கொலைகாரி. ஒம்பது நாளு எங் கண்ணு முன்னாலயே குடுத்துருக்கா."

நல்லசாமி தங்கையைப் பார்த்தான். அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். நாலு நாளாக மாமனாரின் துணிகளை ஓடையில் அலசி அலசி விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"என்ன பொன்னு, நீ என்ன சொல்ற?"

"நான் நாலு நாளா சொல்லிட்டுத்தான் இருக்கேன். கேக்கத்தான் ஆளு இல்ல." அவள் குரல் உயரவில்லை. "தோலைச் சீவித்தான் நசுக்குனேன். தெளிய வெச்சு மேல நிக்கிறதைத்தான் ஊத்துனேன். மொத வருசம் அத்தைதான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. அதுல ஒண்ணு மாத்தல."

"பொய்" என்றாள் காளியாயி.

"சரி, பொய். மிச்சம் இஞ்சி பானையில கெடக்கு. இப்ப உங்க அம்புட்டுப் பேரு முன்னாலயும் பிழியுறேன். எங்க தப்புன்னு சொல்லுங்க. பிழிஞ்சதை நானே குடிக்கிறேன். நல்லா இருந்தேன்னா நீங்க பேசுனதுக்கு எல்லாரும் பதில் சொல்லணும்."

"எதுக்கு இந்தக் கூத்து?" என்றான் கந்தவேல். அன்று அவன் பேசிய முதல் பேச்சு அது. மாட்டுக்கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணன் வந்துட்டாருல்ல. நாலு நாளைக்கு ஊருக்குப் போயிட்டு வா. அப்பாவுக்கு ஒடம்பு தேறட்டும். பெறகு பேசிக்கிருவோம்."

"பழியோட போவச் சொல்றீங்களா?"

"பழின்னு யாரு சொன்னா?"

"உங்க அம்மா கொலைகாரின்னு சொன்னது உங்க காதுல விழலையா?"

குழந்தைவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "பிழியட்டும்டா. அதுல என்ன நட்டம். நாமளும் பாத்த மாதிரி இருக்கும்."

பொன்னுத்தாய் அடுப்படிக்குள் போகத் திரும்பியதும் கந்தவேல் இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

"அந்த இஞ்சி வேண்டாம். வாடிப் போயிருக்கும். சித்தப்பா வீட்டுல நல்ல இஞ்சி கெடக்கு, நான் ஓடிப் போயி எடுத்தாரேன்."

அவள் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா குடிச்சது இந்த இஞ்சிதானே. வேற இஞ்சியில பிழிஞ்சு காட்டி என்ன ஆவப் போவுது?"

அவள் உள்ளே போனாள். மணல் பானைக்குள் கையை விட்டுத் துழாவி, கடைசியாகக் கிடந்த ஏழெட்டுத் துண்டுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

முதலில் தண்ணீரில் போட்டு மண் போகத் தேய்த்தாள். சந்துகளில் ஒட்டியிருந்த மணலைத் துடைப்பக் குச்சியால் நெருடி எடுத்தாள். பிறகு சிரட்டைச் சில்லால் தோலைச் சுரண்டினாள். கத்தியால் சீவினால் தோலோடு சதையும் போய்விடும். சில்லால் சுரண்டினால் மெல்லிய புறத்தோல் மட்டும் சுருண்டு வரும். ஒவ்வொரு துண்டையும் சுரண்டி முடித்ததும் காளியாயியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "தோலு இருக்கா அத்தை? பாத்துச் சொல்லுங்க." ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டாள். காளியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க பாருங்க சின்ன மாமா." குழந்தைவேல் பார்த்துத் தலையாட்டினார்.

கல்லுரலில் போட்டு இடித்தாள். உலக்கை விழுந்த வேகத்தில் இஞ்சித் துணுக்கு தெறித்து விசாலாட்சியின் கன்னத்தில் பட்டது. "என்னைய எதுக்குத்தா குத்துற, நான் சாட்சி சொல்ல வந்தவ" என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை. நார் நாராக நசுங்கியதை வெள்ளைத் துணியில் அள்ளி, கல்சட்டிக்கு மேலே பிடித்து முறுக்கினாள். முழங்கைவரை நரம்பு புடைத்தது. மஞ்சள் சாறு நூலாக இறங்கி, பிறகு சொட்டியது. சக்கையைப் பிரித்துக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடியும் முறுக்கினாள்.

"இது தெளியணும். ஒரு நாழிகை ஆவும். எல்லாரும் இருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டியை அம்மிக்கல்லின் மேல் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

காத்திருந்தார்கள். குழந்தைவேல் வெற்றிலை போட்டுக்கொண்டார். பேச வேண்டுமே என்பதற்காக நல்லசாமியிடம் கீழே மழை எப்படி என்று கேட்டார்.

"தூத்தல்தான். இந்த வருசம் இங்க நடவு வெள்ளனே முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. போன வருசம் அழுகல் வந்து பாதி காடு போச்சு. நட்டதெல்லாம் தண்டு மஞ்சளாயி, புடிச்சு இழுத்தாக் கையோட வந்துச்சு. இந்த வருசம் எஸ்டேட்டுல விதைக்கு ஏதோ மருந்துத் தண்ணி போடுறாங்களாம். எங்க அண்ணன் மாட்டேன்னுட்டாரு. வாயில வைக்கிற சாமானுக்கு மருந்து என்னலே மருந்துன்னு இவன்கிட்டச் சண்டை போட்டாரு" என்று கந்தவேலைக் காட்டினார்.

பொன்னுத்தாய் தலையை நிமிர்த்தினாள்.

கந்தவேல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தான். உள்ளே போய் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தான். வெளியே வந்தான். அம்மிக்கல்லை ஒட்டி நடந்தபோது அவன் கால் சட்டிப் பக்கமாகச் சாய்ந்தது. நல்லசாமி கையை நீட்டித் தடுத்தான்.

"மச்சான், காலைப் பாத்து வைங்க. தட்டி விட்டுருவீங்க போல."

பொன்னுத்தாய் இதையும் பார்த்தாள். சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாறு தெளிந்தது. அடியில் சுண்ணாம்புபோல வெள்ளை வண்டல் ஒரு விரல்கடை நின்றது. சட்டியை மெல்லச் சாய்த்து மேலே நின்றதை மட்டும் டம்ளரில் வடித்தாள். வண்டல் அசையவில்லை. அதையும் எல்லோரிடமும் காட்டிவிட்டுச் சாம்பல் குழியில் கொட்டினாள். தேன் ஒரு கரண்டி விட்டுக் கலக்கினாள். இஞ்சியின் காரநெடி முற்றம் முழுக்க நின்றது.

"தப்பு இருந்தாச் சொல்லுங்க."

"இதுல தப்பு ஒண்ணும் தெரியலையே" என்றார் குழந்தைவேல்.

"இன்னிக்கி ஊரு பாக்குதுன்னு ஒழுங்காப் பிழியுறா" என்றாள் காளியாயி. "குடிக்கிறேன்னு சொன்னேல்ல, குடி."

பொன்னுத்தாய் டம்ளரைக் கையில் எடுத்தாள். உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே கந்தவேலிடம் போய் நீட்டினாள்.

"நீங்க குடிங்க."

அவன் பின்னால் நகர்ந்தான். தூண் முதுகில் இடித்தது.

"எனக்கு எதுக்கு?"

"நீங்களும்தான் நனைஞ்சு நட்டீங்க. தோலும் இல்ல, சுண்ணாம்பும் இல்ல. நாலு பேரு பாக்கத்தான் பிழிஞ்சேன். குடிங்க."

"இஞ்சி எனக்கு ஒத்துக்காது."

"மூணு வருசமா எங் கையாலதான் இஞ்சிக் காப்பி குடிக்கிறீங்க. குடிங்க."

அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். குழந்தைவேல் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"ஏலே கந்தவேலு. வாங்கிக் குடிலே."

"சித்தப்பா..."

"குடிலேங்கிறேன்."

"அதுல மருந்து கெடக்கு சித்தப்பா" என்று கந்தவேல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

பிறகு கேட்கக் கேட்கச் சொன்னான். எஸ்டேட் மேஸ்திரி வேலுமணியிடமிருந்து ஒரு டப்பா பொடி வாங்கிவந்தான். அரை மணி நேரம் நனைத்தால் போதும் என்று வேலுமணி சொல்லியிருந்தார். அழுகல் அண்டவே கூடாது என்று இவன் பொடியை இரண்டு மடங்காகக் கரைத்து, அப்பாவுக்குத் தெரியாமல் காட்டுக் குடிசையில் ராத்திரி முழுக்க விதையை ஊறப் போட்டான். நட்டு முடித்த அன்று கூடையை வெறுமனே கொண்டுவர முடியவில்லை. வாசலில் அம்மா முந்தானையை விரித்து நின்றாள். ஏன் மிச்சம் இல்லை என்று அப்பா கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முந்தானையிலேயே கொட்டிவிட்டான்.

"தோலைச் சீவிட்டாப் போயிரும்னு நெனச்சேன்" என்றான்.

"அந்த மனுசன் தகர வாடைன்னு சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று பொன்னுத்தாய் கேட்டாள்.

"இருந்தேன்."

"இரத்தமாப் போனப்ப?"

அவன் தூண் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கம்பவுண்டரு என்ன சாப்பிட்டாருன்னு கேட்டாரே. அவருகூட நாலு மைலு நடந்தீங்களே. வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

காளியாயி அதுவரை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றவள் இப்போது முன்னால் வந்தாள். "சரி விடுத்தா. அறியாம நடந்து போச்சு. காடு அழுகிரப்படாதுன்னுதானே செஞ்சான். குடும்பத்துக்காகத்தானே. பெத்த அப்பனைக் கொல்லணும்னா செய்வான்?"

பொன்னுத்தாய் திரும்பினாள்.

"நான் செஞ்சேன்னப்ப கொலை. உங்க மகன் செஞ்சா அறியாம நடந்தது. அப்படித்தானே அத்தை? நாலு நாளா என்னைய வாய்ல போட்டு மென்னீங்க. என்னையத் திட்டுறதுல இருந்த சொகத்துல அந்த மனுசனை ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவணும்னு உங்களுக்குத் தோணல. இவருக்குத் தெரிஞ்சும் வாயைத் தொறக்கல. பொண்டாட்டி மேல பழி கெடந்தாக் கெடந்துட்டுப் போவுது, அப்பன் கோவிச்சுக்காம இருந்தாச் சரி. த்தூ."

"புருசனைப் பாத்து..." என்று தொடங்கிய குழந்தைவேலை விசாலாட்சி மறித்தாள். "நீங்க சும்மா இருங்கண்ணே. கஞ்சி யாரு வாங்கிக் குடிப்பான்னு கேட்டீங்கல்ல. இப்பக் கேளுங்க."

உள்ளேயிருந்து திருமலைச்சாமியின் குரல் வந்தது. வாய்ப்புண்ணால் பேச்சு குழறியது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

"ஏலே... நாலு நாளாச்சேலே."

கந்தவேல் தூணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். பொன்னுத்தாய் டம்ளரில் இருந்ததைச் சாம்பல் குழியில் ஊற்றி, கோழி கிளறாமல் மேலே சாம்பலைத் தள்ளினாள்.

"அழுவுறதைப் பெறகு வெச்சுக்கங்க. டப்பா எங்க?"

"குடிசைக்குப் பின்னால பொதைச்சிட்டேன்."

"போயித் தோண்டி எடுத்தாங்க. வெரசா. என்ன மருந்துன்னு டாக்டருக்குத் தெரியணும். அண்ணே, நீ எஸ்டேட்டுக்குப் போயி மேஸ்திரிகிட்டச் சொல்லி ஜீப்பு கேளு. அவரு குடுத்த பொடிதான், குடுக்காமப் போவ மாட்டாரு."

பன்னிரண்டு மணிக்குத் திருமலைச்சாமியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு எஸ்டேட் ரோட்டுக்குப் போனார்கள். வழுக்குப் பாறையில் அக்கம்பக்கத்து ஆட்களும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். ஜீப்பில் கூடப் போவது யார் என்று ஒரு பேச்சு வந்தது. எத்தனை நாள், எவ்வளவு சாறு, எந்த நாள் என்ன செய்தது என்று சொல்லத் தெரிந்தவள் பொன்னுத்தாய் ஒருத்திதான். அவள் மண் ஒட்டிய டப்பாவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். டப்பாவின் மேல் மண்டையோட்டுப் படம் இருந்தது. கந்தவேலும் ஏறினான். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கிழவர் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார். அவள் பஞ்சை நனைத்து உதட்டில் பிழிந்தாள்.

மதுரையில் டாக்டர் டப்பாவை வாங்கிப் படித்தார். பொன்னுத்தாய் சொன்னதை எல்லாம் தேதிவாரியாக எழுதிக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமையே கொண்டு வந்திருக்கணும்" என்றார். "ஏன் வரலை?"

"எங் கைப்பிழைன்னு நெனச்சுட்டு இருந்தாங்கய்யா" என்றாள் அவள்.

திருமலைச்சாமி ஜூன் 24-ஆம் தேதி, திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவந்து எரித்தார்கள். சாவுக்கு வந்தவர்களிடம் காளியாயி சீதபேதி என்று சொன்னாள். குழந்தைவேல் மறுத்துப் பேசவில்லை. காரியம் முடியும்வரை பொன்னுத்தாய் அந்த வீட்டில் சமைத்தாள். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். ஜூலை 10-ஆம் தேதி அவள் தன் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பண்ணைக்காட்டுக்கு நடந்துபோய், பகல் பஸ்ஸில் வத்தலக்குண்டுக்குப் போனாள். ஆடியில் ஒரு தடவையும் தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவையும் கந்தவேல் வந்து கூப்பிட்டான். அவள் போகவில்லை.